அபாயச் சங்குக்குள் என்னதான் இருக்கிறது? போன் காலத்தில் இன்னும் தேவையா?

#1 தறிநாடா

2025 மே 7-ல் 244 சிவில் டிஃபென்ஸ் (போர்க்காலப் பொதுமக்கள் பாதுகாப்பு) மாவட்டங்களில் ஒத்திகை என்று அறிவித்தார்களே, நம்ம பக்கம் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. அந்த வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து ஒரு குடைச்சல். எங்கள் ஊர் மில் சங்கு ஒரே சீராக இழுத்து ஊதும். ஜனவரி 30 தியாகிகள் நாளில் 11 மணி மௌனத்துக்கு நகராட்சியில் ஊதுவதும் எனக்குத் தெரிந்து அப்படித்தான். ஒத்திகையில் மட்டும் ஏறி ஏறி இறங்கி அடிவயிற்றைக் கலக்குகிறது. இரண்டும் வேறு வேறு மெஷினா? உள்ளே இருப்பது ஸ்பீக்கரா, காற்றா? பிரித்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். 'கூகுள் பண்ணிப் பாருங்க' என்று மட்டும் வேண்டாம்.

#2 பழைய வைண்டிங்

மெஷின் ஒண்ணேதானுங்க. சுவிட்ச் போடற விதம்தான் வேற.

நான் கோயமுத்தூர்ல மோட்டார் காயில் கட்டற ஆளு. மில் சைரன், நகராட்சி சைரன் எல்லாம் கடைக்கு வந்திருக்குது. பிரிச்சா உள்ள பெருசா ஒண்ணும் இருக்காது. ஒரு மோட்டார். அதோட ஷாஃப்ட்டுல ஒரு ரோட்டார், சுத்துச் சுவர்ல வரிசையா சன்னல் சன்னலா வெட்டியிருக்கும். அதைச் சுத்தி அசையாத ஒரு கூடு, அதுலயும் அதே கணக்குல சன்னல். ரோட்டாருக்குள்ள இருக்கற தகடுங்க, கிணத்து பம்புல இம்பெல்லர் தண்ணியத் தள்ளற மாதிரி, நடுவால காத்தை இழுத்து ஓரத்துக்கு வீசும். சன்னலுக்கு நேரா சன்னல் வந்தா காத்து பீச்சும். சுவர் வந்தா அடைபடும். அவ்வளவுதான் சைரன். ஸ்பீக்கரும் இல்ல, தகரமும் அதிரல.

2 போல் மோட்டார் நம்ம 50 சைக்கிள் கரண்டுல நிமிஷத்துக்குச் சுமாரா 2,850 சுத்து சுத்தும். செகண்டுக்கு 47.5. சன்னல் 10 இருந்தா செகண்டுக்கு 475 தடவை காத்து வெட்டுப்படுது. அதுதான் நீங்க கேக்கற 'ஊ'.

சுவிட்சைப் போட்டு அப்படியே உட்டா சீரா ஊதும். நாலஞ்சு செகண்டு போட்டு, நாலஞ்சு செகண்டு அணைச்சு, திரும்பப் போட்டா ஏறி இறங்கும். ரோட்டார் நல்ல வெயிட்டு, கரண்ட் போனதும் டக்குனு நிக்காது, மெதுவா இறங்கும். அந்த இறக்கத்துல சுருதியும் கூடவே இறங்குது. அலறலுக்குன்னு தனியா ஒரு பாகமும் கிடையாது.

ஆனா மோட்டாருக்கு அதுதான் எமன். ஸ்டார்ட் ஆகற நேரம் கரண்ட் அஞ்சாறு மடங்கு இழுக்கும். சீரா ஊதறதுக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணாப் போதும். அலற விட்டா ரெண்டு நிமிஷத்துல பத்துப் பன்னெண்டு ஸ்டார்ட்டு. காயில் சூடேறிப் போயிரும். எங்கிட்ட வந்ததுல பாதி அப்படிக் கருகினது. மீதிப் பாதி மைனா கூடு.

#3 சுருதிப்பெட்டி

மைனா கூடு! 😄

வைண்டிங் அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் வரலாறு. இந்தக் கருவி பிறந்தபோது ஆபத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜான் ராபிசன் முதல் வடிவத்தைச் செய்தார். 1819-ல் பிரான்சின் காக்னியார் த லா தூர் துளையிட்ட தட்டைச் சுழலவிட்டு, காற்றைத் துளை வழியே செலுத்தி, ஒரு சுருதிக்கு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணினார். துளைகளின் எண்ணிக்கையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் விடை. சுருதியை அளக்கும் ஆய்வகச் சாமான் அது.

கடலோரக் கலங்கரை விளக்கங்களில் மூடுபனிக்காக நீராவியில் ஓடும் பெரிய சைரன்கள் வந்தது 1860-களுக்குப் பிறகு. ஊரை எழுப்பும் வேலை அதற்குக் கிடைத்தது இன்னும் பிந்தி. முதல் உலகப்போரில்கூட லண்டனில் போலீஸ்காரர்கள் 'பதுங்குங்கள்' என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் சுற்றினார்கள். ஆபத்து நீங்கியதும் சாரணச் சிறுவர்கள் பியூகிள் ஊதினார்கள். 1939 செப்டம்பர் 3-ல் பிரிட்டன் போர் அறிவித்த சில நிமிடங்களிலேயே லண்டனில் சங்கு அலறியது. வந்தது எதிரி விமானமே இல்லை.

அந்தப் பிரிட்டிஷ் சங்கில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. ஒரே மோட்டாரின் இரு பக்கமும் இரண்டு ரோட்டார். ஒன்றில் 10 சன்னல், மற்றதில் 12. விகிதம் 5:6. நம் கணக்கில் ஸட்ஜமும் சாதாரண காந்தாரமும். மோட்டார் எந்த வேகத்தில் ஓடினாலும் இந்த இடைவெளி மாறாது. அதனால்தான் அலறல் ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு குரல் கைகோத்துப் போகிறது. அழகுக்காக வைத்ததில்லை. ஒரே சுருதி என்றால், நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சில இடங்களில் ஒன்றையொன்று கொன்றுவிடும். இரண்டு சுருதி இருந்தால் ஒன்று செத்த இடத்தில் மற்றது காதில் விழும்.

அதே சைரனை அமெரிக்கா கொண்டுபோனால் அங்கே 60 சைக்கிள் கரண்ட், மோட்டார் இன்னும் வேகமாக ஓடும், சுருதி ஏறிவிடும். ஜெர்மனியின் கூரைகளில் காளான் குடை மாதிரி நிற்கும் இ57 சைரனுக்கு ஒரே சுருதி, 420 ஹெர்ட்ஸ்.

#4 நேர்வழி

எல்லாம் சுவாரசியம்தான். ஆனால் ஏன் இந்தப் பழைய இரும்பைக் கட்டி அழ வேண்டும்? 2023-ல் சோதனைக்காக எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, ஞாபகம் இருக்கிறதா? அதில் என்ன ஆபத்து, எந்த ஊர், என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலேயே எழுதி அனுப்ப முடியும். சங்கு என்ன சொல்லும்? 'ஊ'. வெள்ளமா, விமானமா, விஷவாயுவா? ஒவ்வொரு ஊரிலும் கோபுரம் நட்டு, அதற்குக் காயில் கட்டி, மைனாவை விரட்டி... மன்னிக்கவும் வைண்டிங் அண்ணா, உங்கள் பிழைப்பில் கை வைக்கவில்லை.

#5 டல்லாஸ் மச்சான்

நேர்வழி கேட்டதில் பாதி நியாயம்.

இங்கே டெக்சாஸில் சங்கு ஊதினால் பெரும்பாலும் சூறாவளிச் சுழல்தான், அதாவது டொர்னேடோ. புதிதாக வருகிற நம்மாட்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி: 'வீட்டுக்குள்ள இருந்தேன், ஒண்ணும் கேக்கலியே?' கேட்காது. வெளியே இருப்பவனை உள்ளே போகச் சொல்வதற்குத்தான் அது. மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்பவன், வயலில் டிராக்டர் ஓட்டுகிறவன், இவர்களுக்காக. வீட்டுக்குள் இருப்பவனுக்கு ரேடியோவும் போனும்.

2017 ஏப்ரல் 7 ராத்திரி 11.40 வாக்கில் டல்லாஸ் நகரின் 156 சைரனும் ஒரேயடியாக ஊத ஆரம்பித்தன. வானத்தில் மேகமே இல்லை. எங்கள் அபார்ட்மெண்டில் எல்லாரும் பால்கனிக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நிற்கும், மறுபடி ஊதும். ஒரு மணி தாண்டியும் அதே கதை. யாரோ ரேடியோ சமிக்ஞையைப் போலியாக அனுப்பிச் சைரனைக் கிளப்பிவிட்டார்கள் என்று பிறகு நகராட்சி சொன்னது. நான் கவனித்தது என்னவென்றால், அத்தனை பேரில் ஒருத்தர்கூட பாத்ரூமுக்குள்ளோ படிக்கட்டுக்குக் கீழோ போகவில்லை. எல்லாரும் போனை எடுத்து 'ஏன் ஊதுது?' என்றுதான் தேடினார்கள். அவசர உதவி எண் 911-க்கு ஆயிரக்கணக்கில் அழைப்பு.

2011 மே 22-ல் மிசூரியின் ஜோப்ளின் நகரில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் சைரன் மாலை 5.11-க்கே ஊதியது. சுழல் ஊருக்குள் நுழைய இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. வானிலைத் துறையின் ஆய்வில் தெரிந்தது, பெரும்பாலானவர்கள் முதல் எச்சரிக்கையில் அசையவே இல்லை. அடிக்கடி கேட்டுப் பழகிய சத்தம். டிவியைப் பார்த்தோ, வாசலில் நின்று வானத்தைப் பார்த்தோ உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஓடினார்கள்.

#6 நேர்வழி

> பெரும்பாலானவர்கள் முதல் எச்சரிக்கையில் அசையவே இல்லை

நான் சொன்னதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

#7 சுருதிப்பெட்டி

அவசரப்படாதீர்கள். 'வீட்டுக்குள் கேட்காது' என்பதற்குக் கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

சைரனின் சத்தத்தை 100 அடி தூரத்தில், அதாவது சுமார் 30 மீட்டரில், அளந்து விற்பார்கள். 120 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகப்படி தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். அப்படியானால் 70 டெசிபலுக்கு இறங்க ஒன்பதரை கிலோமீட்டர் ஆக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது கட்டடமும் மரமும் காற்றும் தரையும் இல்லாத உலகம். அமெரிக்க அரசின் பழைய வழிகாட்டி, ஊருக்குள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும் 10 டெசிபல் கழிக்கச் சொல்கிறது. இப்போது போடுங்கள்: 60 மீட்டரில் 110, 120-ல் 100, 240-ல் 90, 480-ல் 80, 960-ல் 70. ஒன்பதரை கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. அதன் பிறகு மூடிய சன்னல் 20, 25 டெசிபல் தின்னும். ஏசியும் டிவியும் ஓடினால் முடிந்தது கதை.

சுருதியை ஏன் 400-500 ஹெர்ட்ஸ் பக்கம் வைக்கிறார்கள் என்றும் இதே கணக்கு சொல்லும். மேலே போகப் போகக் காற்று ஒலியை உறிஞ்சும். கீழே போனால் கொம்பு பெரிதாகும், தெருச் சத்தத்திலும் அமுங்கும்.

வானிலை வேறு தன் பங்குக்கு விளையாடும். 1873-ல் இங்கிலாந்தின் சவுத் ஃபோர்லாண்டில் ஜான் டிண்டல் மூடுபனிச் சைரன்களைக் கப்பலிலிருந்து கேட்டுச் சோதித்தார். வானம் பளிச்சென்று இருந்த நாளில் இரண்டு மூன்று மைலிலேயே ஒலி தேய்ந்துபோனது. வேறு நாட்களில் பத்து மைலுக்கு மேலும் கேட்டது. காற்று அடுக்குகளின் வெப்பமும் வீசும் திசையும் ஒலியை மேலே வளைக்கும், அல்லது கீழே அமுக்கும். அதனால் வரைபடத்தில் கோபுரத்தைச் சுற்றி வட்டம் போட்டு 'இவ்வளவு தூரம் கேட்கும்' என்று காட்டுபவரை முழுசாக நம்பாதீர்கள்.

#8 தறிநாடா

அப்போ சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால்?

#9 பழைய வைண்டிங்

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தனுங்க!

அமெரிக்காவுல கிரைஸ்லர் கம்பெனி 1952-ல ஒண்ணு செஞ்சாங்க. 180 குதிரைத்திறன் ஹெமி வி8 பெட்ரோல் என்ஜின். கார் என்ஜின்தானுங்க. அதுல ஒரு காத்தழுத்தி, ரோட்டார், ஆறு கொம்பு. நீளம் 12 அடி, எடை மூணு டன்னுக்குப் பக்கம். 100 அடியில 138 டெசிபல். பக்கத்துல நின்னா காது போயிரும். மொட்டை மாடியில கிரேன் வெச்சுத் தூக்கி உட்டிருக்காங்க. சுருதிப்பெட்டி கணக்குப்படியே போட்டாலும் மூணு கிலோமீட்டருக்கு மேல வரும்.

ஆனா அஞ்சு வருசத்துல உற்பத்தியை நிறுத்திட்டாங்க. எனக்கு ஆச்சரியமில்ல. வருசத்துல பத்து நிமிஷம் ஓடற பெட்ரோல் என்ஜினை மாடியில வெச்சா பேட்டரி இறங்கும், பெட்ரோல் கெட்டுப்போகும், கார்புரேட்டர் அடைக்கும். அவசரத்துக்கு ஸ்டார்ட் ஆகாது.

அதே 1952-ல ஃபெடரல் கம்பெனி தண்டர்போல்ட்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. அதுல மூளை இருக்குது. காத்தடிக்கற புளோயர் தனியா கீழ, குழாய் வழியா காத்து மேல போகும், உச்சியில ஒரே கொம்பு மெதுவாச் சுத்திக்கிட்டே ஊதும். ரோட்டார் காத்தை வெட்டினாப் போதும், தள்ள வேண்டியதில்ல. எல்லாப் பக்கமும் சத்தத்தைச் சிதறடிக்காம ஒரு பக்கம் குவிச்சுச் சுத்திச் சுத்தி அடிக்கறதால தூரம் போகுது. கேக்கறவனுக்குத் தானா ஏறி இறங்கற மாதிரியும் இருக்கும்.

இப்ப வர்றதெல்லாம் எலக்ட்ரானிக். ஆம்ப்ளிஃபயர், கொம்பு ஸ்பீக்கர், சோலார், பேட்டரி. கரண்ட் போனாலும் ஊதும், பேசவும் பேசும். நல்லதுதான். ஆனா காயில் கருகுனா நான் கட்டித் தருவேன், போர்டு போனா கம்பெனிக்காரன் வரணும்.

#10 தெம்பனிஸ் தங்கை

சிங்கப்பூரிலிருந்து. நேர்வழி அண்ணன் கேட்ட 'ஊ என்றால் என்ன அர்த்தம்' என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். மூன்றே ஒலி: அபாயம், ஆபத்து நீங்கியது, முக்கியச் செய்தி. மூன்றாவது கேட்டால் ரேடியோவைப் போட வேண்டும், அவ்வளவே. செய்தி நான்கு மொழியிலும் வரும், தமிழுக்கு ஒலி 96.8. என்ன ஆபத்து என்று சங்கு சொல்ல வேண்டியதில்லை, எங்கே கேட்பது என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஒவ்வொரு பிப்ரவரி 15-ம் மாலை 6.20-க்கு ஊதுவார்கள். 1942-ல் சிங்கப்பூர் சரணடைந்த நாள், நேரம். எங்கள் புளோக்கில் அந்த நேரம் சின்னப் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள், பெரியவர்கள் சொல்வார்கள். சோதனையும் ஆகிறது, பாடமும் ஆகிறது.

இதில் ஒரு வரலாறு உண்டு. 1941 டிசம்பர் 8 விடியற்காலை 4 மணி தாண்டி ஜப்பானிய விமானங்கள் முதல் முறை குண்டு போட்டபோது ஊர் விளக்குகள் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. வான் தாக்குதல் தடுப்புத் தலைமையகத்தில் ஆளே இல்லை. சைரனும் இருந்தது, விமானங்கள் வருவதும் ராடாரில் தெரிந்தது. நடுவில் மனிதர் இல்லை.

#11 ஓய்வுபெற்ற ஷிப்ட்

தங்கை சொன்ன கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். ரசாயன ஆலைகளில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான்.

இத்தனை பதிவிலும் எத்தனை சன்னல், எத்தனை டெசிபல் என்று பேசினோம். போபாலில் சைரன் நன்றாகவே வேலை செய்தது. அதையும் சொல்லுங்கள்.

1984 டிசம்பர் 2-3 இரவு. யூனியன் கார்பைடு ஆலையில் இரண்டு சைரன்: ஒன்று உள்ளே தொழிலாளர்களுக்கு, இன்னொன்று வெளியே ஊருக்கு. முன்பெல்லாம் இரண்டும் ஒன்றாகத்தான் ஊதும். சின்னச் சின்னக் கசிவுக்கெல்லாம் ஊர் பதறுகிறது என்று 1982-ல் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். அன்று இரவு 12.50 வாக்கில் அலாரம் அழுத்தப்பட்டது. ஊர்ச் சைரன் கொஞ்ச நேரம் ஊதியது. பிறகு நடைமுறைப்படி நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. அவர்கள் காற்றின் திசை பார்த்து ஓடித் தப்பினார்கள். மதிலுக்கு வெளியே குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மறுபடி சைரன் ஊதியபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அதற்குள் பலர் இருமலில் எழுந்து, தெருவில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

2020 மே 7, விசாகப்பட்டினம், எல்.ஜி. பாலிமர்ஸ் ஸ்டைரீன் கசிவு. அரசு அமைத்த உயர்மட்டக் குழு கண்டது என்ன தெரியுமா? சைரனை இயக்கும் விசைகள் ஆலை முழுக்க இருந்தன, வாசலில்கூட இருந்தது. யாரும் அழுத்தவில்லை. விடியற்காலை மூன்று மணி, ஊர் தூக்கத்தில்.

ஷிப்டில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் நிற்பவன் மனதில் டெசிபல் ஓடாது. 'பொய்யாகிப்போனால் நாளைக்கு மெமோ வருமே' என்றுதான் ஓடும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் விசைப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மேனேஜர் அறையில் வைத்திருந்தார்கள். ஒரு முறை யாரோ தெரியாமல் கை பட்டு ஊதிவிட்டதாம், அதற்காக. ராத்திரி ஷிப்டில் மேனேஜர் அறைக்கும் பூட்டு.

#12 நேர்வழி

ஐயா சொன்னது உறைக்கிறது. ஆனாலும் இது என் பக்கத்து வாதம்தானே? மனிதன் அழுத்தாவிட்டால் சைரன் வெறும் கோபுரம்.

#13 டல்லாஸ் மச்சான்

மனிதன் அழுத்தாவிட்டால் போன் மெசேஜும் வராது மச்சி.

2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்த ராத்திரி மின்சாரமும் செல் கோபுரமும் போயின. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் பலி. பனிப்போர் முடிந்ததும் ஜெர்மனி ஊர் ஊராக ஆயிரக்கணக்கான சைரன்களைக் கழற்றிவிட்டிருந்தது. 2020 செப்டம்பரில் நடந்த தேசிய எச்சரிக்கை ஒத்திகையிலேயே செயலிகளில் செய்தி தாமதமாக வந்து சிரிப்பாய்ச் சிரித்தது. வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? போனுக்கு செல் பிராட்காஸ்டும் (ஒரு பகுதியில் உள்ள எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் செய்தி) கொண்டுவந்தார்கள், சைரனுக்கும் பணம் ஒதுக்கினார்கள். இரண்டும்.

#14 நேர்வழி

சரி, லஹைனாவுக்கு என்ன சொல்கிறீர்கள்? ஹவாயில் சுமார் 400 சைரன். அமெரிக்காவிலேயே பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஏற்பாடு. மாதாமாதம் சோதனை வேறு. 2023 ஆகஸ்ட் 8-ல் ஊர் எரிந்தபோது ஒன்றும் ஊதவில்லை.

#15 தெம்பனிஸ் தங்கை

ஊதவில்லை என்று சொல்வதைவிட, ஊத வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள் என்பதே சரி. லஹைனா இருக்கும் மௌயி தீவின் அவசரகாலத் துறைத் தலைவர் சொன்ன காரணம்: அங்கே சங்கு என்றாலே சுனாமி, சுனாமி என்றாலே மேட்டை நோக்கி ஓடு. தீ வந்தது மேட்டிலிருந்து. ஊதியிருந்தால் ஜனங்கள் தீக்குள்ளேயே போயிருப்பார்கள் என்றார். சில நாட்களில் பதவி விலகினார். மாநில அரசின் இணையதளத்திலோ, சைரன் எதற்கெல்லாம் ஊதும் என்ற பட்டியலில் காட்டுத்தீயும் இருந்தது!

என் கருத்து: அவர் சொன்னது முழு சால்ஜாப்பு அல்ல. மாதாமாதம் ஊதிக் காட்டினார்கள், ஆனால் 'இது தீக்கும்தான், கேட்டால் முதலில் ரேடியோ' என்று மனதில் பதியவைக்கவில்லை.

#16 ஓய்வுபெற்ற ஷிப்ட்

முழு சால்ஜாப்புதான் அம்மா. கடலோரம் குடியிருப்பவன் புகையைப் பார்த்துக்கொண்டே தீக்குள் ஓடுவானா? வீட்டை விட்டு வெளியே வந்து பார்த்திருப்பான். தூங்கும் கிழவரை எழுப்பியிருப்பான். அது போதாதா? எந்த முடிவும் எடுக்காமல் இருப்பதற்கு 'ஜனங்கள் பதறுவார்கள், தப்பாகப் புரிந்துகொள்வார்கள்' என்பதைப் போல வசதியான காரணம் கிடையாது. போபாலிலும் அதே காரணம்தான்.

#17 சுருதிப்பெட்டி

ஹவாயிலேயே இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது, இரண்டு பேர் வாதத்திலும் ஓட்டை போடும்.

1960 மே 22. சிலியில் பெரிய நிலநடுக்கம், பசிபிக்கைக் கடந்து சுனாமி வருகிறது என்று முன்கூட்டியே தெரியும். ஹிலோ நகரில் இரவு 8.30 வாக்கில் சைரன் ஊதினார்கள். பெரிய அலை அடித்தது நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு. நாலரை மணி நேர அவகாசம்! 61 பேர் இறந்தார்கள். பிறகு தப்பியவர்களிடம் விசாரித்து ஆய்வு செய்தார்கள். ஏறக்குறைய எல்லாருக்குமே சைரன் கேட்டிருக்கிறது. ஆனால் அதன் பொருள் என்ன என்பதில் ஆளுக்கொரு எண்ணம். முன்பு கட்டம் கட்டமாக ஊதும் முறை இருந்து, கொஞ்ச காலத்துக்கு முன்புதான் ஒரே முறையாக மாற்றியிருந்தார்கள். 'இது முதல் சங்கு, அடுத்தது ஊதினால் கிளம்பலாம்' என்று காத்திருந்தவர்கள் உண்டு. அலையைப் பார்க்கக் கரைக்கே போனவர்களும் உண்டு.

அதாவது, அழுத்தினார்கள், கேட்டது, நேரமும் இருந்தது, அப்படியும் போனது.

ஜப்பானில் அதனால்தான் ஒலியோடு குரலையும் வைத்திருக்கிறார்கள், ஊர் முழுக்கக் கம்பத்தில் ஒலிபெருக்கி. 2011 மார்ச் 11-ல் இபராகியின் ஓஅராய் ஊரில் வழக்கமான பணிவான நடையை விட்டுவிட்டு, 'உடனே மேட்டுக்கு ஏறு' என்று அதட்டலாகவே அறிவித்தார்கள். மினாமிசன்ரிக்குவில் கடைசிவரை அறிவித்துக்கொண்டிருந்த நகராட்சி ஊழியப் பெண் அலையில் போனார். குரலுக்கும் ஒரு சங்கடம் உண்டு: இரண்டு கம்பத்தின் ஒலி முன்பின்னாக வந்து மோதினால் ஒரு சொல்லும் புரியாது. நம் ஊர்த் திருவிழாவில் தெருவுக்கு நாலு குழாய் கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் நிறுத்தி நிறுத்தி, நீட்டிப் பேசுவார்கள்.

#18 மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கட்சி அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. சைரனைப் பற்றி மட்டும்.

#19 டல்லாஸ் மச்சான்

கனத்துப்போச்சு, ஒரு சின்ன இடைவேளை. 1959 செப்டம்பர் 22, சிகாகோ. வைட் சாக்ஸ் பேஸ்பால் அணி நாற்பது வருஷம் கழித்து லீகை ஜெயித்தது. தீயணைப்பு ஆணையர் ராபர்ட் குவின் சந்தோஷத்தில் ராத்திரி பத்தரைக்கு ஊர் முழுக்க வான் தாக்குதல் சைரனை ஐந்து நிமிடம் ஊதச் சொல்லிவிட்டார். பனிப்போர் உச்சம். பாதி ஊர் ரஷ்யா அணுகுண்டு போடுகிறது என்று அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஷிப்ட் ஐயா, உங்கள் சாவி மேனேஜரையும் இந்த ஆளையும் ஒரே அறையில் போட்டால் எப்படி இருக்கும்?

#20 தறிநாடா

கேள்வி கேட்டுவிட்டு வாயைப் பிளந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது உள்ளூர் விஷயம். ஒடிசா கடற்கரையில் 2018-ல் 122 இடங்களில் சைரன் கோபுரம் நிறுவினார்கள் என்று படித்தேன். எங்கள் ஊர் ஆற்றங்கரை. மேலே அணை. திறந்துவிட்டால் தண்டோராவும் ஆட்டோ மைக்கும்தான். மூன்று தெருவும் ஒரு காலனியும், மொத்தமே ஒரு கிலோமீட்டர் நீளம். இளைஞர் மன்றத்தில் பணம் கொஞ்சம் இருக்கிறது. கோபுரமெல்லாம் வேண்டாம், கையால் சுற்றும் சைரன் ஒன்று வாங்கிப் பஞ்சாயத்து ஆபீஸில் வைக்கலாமா?

#21 நேர்வழி

வாங்குங்கள். ஒரு கிலோமீட்டர் ஊருக்கு, கரண்ட் இல்லாத மழை ராத்திரியில், போனை நம்ப நானே தயாரில்லை. ஆனால் பஞ்சாயத்து ஆபீஸுக்கு ராத்திரி யார் சாவி?

#22 ஓய்வுபெற்ற ஷிப்ட்

அதேதான். ஆபீஸில் வைக்காதீர்கள். ஆற்றுப் பக்கம் குடியிருக்கும் இரண்டு மூன்று வீடுகளில் யார் வீட்டிலாவது திண்ணையில் இருக்கட்டும். யார் சுற்றலாம் என்று பேரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தலைவரைக் கேட்க வேண்டாம், அணையிலிருந்து போன் வந்தாலோ தண்ணீர் குறி தாண்டினாலோ சுற்றலாம் என்று கிராம சபையிலேயே தீர்மானம் போடுங்கள். வீணாகச் சுற்றியவரை யாரும் திட்டக்கூடாது என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள், சிரிக்காதீர்கள். சிவில் டிஃபென்ஸ் முறையில் ஏறி இறங்கினால் ஆபத்து, சீராக இழுத்தால் ஆபத்து நீங்கியது, இரண்டும் இரண்டிரண்டு நிமிடம். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம், பகலில் சோதனை. மழை பெய்யும் நாளில் சோதனை கூடாது.

#23 சுருதிப்பெட்டி

சோதனை நாளில் ஒருவர் சுற்றட்டும், மற்றவர்கள் காலனிக் கடைசி வீட்டில் சன்னலை மூடிக்கொண்டு, மிக்ஸியை ஓடவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். கேட்காவிட்டால் ஒன்று போதாது, நடுவில் இன்னொன்று. தரையில் வைத்துச் சுற்றாதீர்கள். மாடியிலோ திண்ணை மேலோ, ஊரைப் பார்த்து.

#24 பழைய வைண்டிங்

கை சைரன் வாங்கறப்ப கைப்பிடியை வேகமாச் சுத்திட்டு டக்குனு உட்டுப் பாருங்க. உள்ள கிளட்ச் இருக்கறதா இருந்தா கைப்பிடி நின்னாலும் ரோட்டார் தானா சுத்திக்கிட்டு மெதுவா இறங்கும். இல்லாததை வாங்கினா கைப்பிடியும் கூடவே சுத்தி மணிக்கட்டைப் பதம் பாத்துரும். ரோட்டாருக்கும் கூட்டுக்கும் நடுவால கேப் மில்லிமீட்டர் கணக்குல இருக்கோணும், டார்ச் அடிச்சா தெரியும். கேப் கூடினா காத்து சும்மா ஒழுகும், சத்தம் செத்துரும். ரொம்பக் குறைஞ்சாலும் துரு ஏறினதும் கவ்விக்கும்.

கியருக்கு கிரீஸ் ஐப்பசிக்கு முன்னாடி ஒரு தடவை. வாயை நனையாத சாக்கு போட்டு மூடி வைங்க, ஆனா கட்டிப்போடாதீங்க, அவசரத்துல முடிச்சு அவுக்க முடியாது. எந்தக் கடையில எடுக்கறீங்கன்னு போட்டோ போடுங்க, பாத்துச் சொல்றேன்.